பெர்லினில் கட்டடம் பார்த்த கதை

பெர்லினில் இறங்கியதும் நாங்கள் செய்த முதல் காரியம், ஓட்டலின் நாலாவது மாடி முழுக்கக் கரண்டைப் பிடுங்கியது. அமெரிக்காவில் நியூ ஜெர்சியிலிருந்து எங்கே கிளம்பினாலும், நயாகரா ஆனாலும் சரி, ஐரோப்பா ஆனாலும் சரி, நம் ஆட்கள் பெட்டியில் ஒரு குட்டி ரைஸ் குக்கர், ஒரு பொட்டலம் பொன்னி அரிசி, ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் கட்டாயம் இருக்கும். என் கணவர் செந்திலும் எங்கள் ஊரான பிஸ்கட்டவேயிலிருந்து துணிமணிக்கு நடுவில் பொத்திப் பொத்திக் கொண்டுவந்திருந்தார். ஜெர்மனிச் சுவரில் செருக அடாப்டர் கூட வாங்கியாகிவிட்டது. அமெரிக்கக் குக்கருக்கு இந்த ஊர்க்காரன் இரண்டு பங்கு வோல்டேஜ் கொடுப்பான் என்பதுதான் யாருக்கும் நினைப்பில்லை. டப்பென்று ஒரு சத்தம், ஒரு கருகல் நாற்றம், அவ்வளவுதான். பக்கத்து அறைக்காரர் இடுப்பில் துண்டோடு வெளியே வந்து நின்றார்.

"நீங்க படிச்சது இன்ஜினியரிங்தானுங்களே?" என்றேன்.

"நான் சிவில், அம்மிணி. எலக்ட்ரிக்கல் இல்ல" என்றார் செந்தில், கூச்சமே இல்லாமல்.

அது 1999ஆம் வருடக் கோடை. அடுத்த வருடம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் படுத்துவிடும் என்று எல்லாரும் பயந்துகொண்டிருந்த நேரம். செந்தில் வேலை பார்த்த கம்பெனி அவரை ஒரு வாரத்துக்கு பெர்லின் கிளைக்கு அனுப்பியது. நானும் லீவு போட்டுவிட்டு ஒட்டிக்கொண்டேன்.

நான் ஆர்க்கிடெக்ட். இதைச் சொல்லவே அந்த வருடம் நாக்கு கூசியது. ஜெர்சியில் என் ஆபீஸ் ரோட்டோரத்து மருந்துக்கடைகளை வடிவமைக்கும் ஆபீஸ். அதில் எனக்கு ஒதுக்கிய வேலை கழிப்பறை. கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், சக்கர நாற்காலி திரும்ப எவ்வளவு இடம் வேண்டும், கைப்பிடி எந்த உயரத்தில் வர வேண்டும், இதையே வருடக்கணக்கில் வரைந்துகொண்டிருந்தேன். அந்தப் பக்கம் போகும்போது அவசரத்துக்கு ஒரு மருந்துக்கடையில் நீங்கள் ஒதுங்கியிருந்தால், அது என் கைவண்ணமாக இருக்கலாம்.

சுற்றியிருந்தவர்களெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். பாட்டனி படித்தவர் மாறினார், மாட்டு டாக்டருக்குப் படித்தவர் மாறினார், பாலம் கட்டப் படித்த செந்தில் எப்போதோ மாறிவிட்டார். நானும் பக்கத்து ஊர் எடிசனில் ஒரு பேஸ்மெண்டில் சனி ஞாயிறு ஆரக்கிள் டேட்டாபேஸ் வகுப்புக்குப் போனேன். மூர்த்தி அங்கிள் என்று ஒரு கன்சல்டன்சிக்காரர் என் ரெஸ்யூமேயை ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கிக்கு அனுப்பியிருந்தார். ஊர் திரும்பியதும் போனில் இன்டர்வியூ. தேறிவிட்டால் கழிப்பறைக்கு ஒரு கும்பிடு. கட்டடத்துக்கும் அதே கும்பிடுதான்.

ஆகவே பெர்லின் எனக்கு ஒரு வழியனுப்பு விழா. கல்லூரியில் புத்தகத்தில் பார்த்துப் பார்த்துக் கண் பூத்த கட்டடங்களையெல்லாம் ஒரு தடவை நேரில் பார்த்துத் தொட்டுவிட்டு, சமர்த்தாக ஆரக்கிளுக்குப் போய்விடுவது என்று முடிவு. நவீனக் கட்டடங்களைச் சுற்றிக் காட்டும் டூர் ஒன்றில் வாரம் முழுக்கப் பேர் கொடுத்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை ஓட்டலை விட்டு வெளியே வந்தேன், அடடா! எங்கே திரும்பினாலும் கிரேன். கோயமுத்தூரில் தென்னை மரம் தெரிகிற மாதிரி இங்கே கிரேன் தெரிகிறது. ஊரை இரண்டாகப் பிரித்த சுவர் விழுந்து பத்து வருடம் ஆகப்போகிறது, நடுவில் வெட்டவெளியாகக் கிடந்த இடம் முழுக்க ஒரே சமயத்தில் கட்டிக்கொண்டிருந்தார்கள். தெருவோரம் தலைக்கு மேலே ரோஸ் நிறத்திலும் நீல நிறத்திலும் பெரிய பெரிய குழாய்கள் வளைந்து வளைந்து போகின்றன. முதலில் ஏதோ கலைப்படைப்பு என்று நினைத்து வாயைப் பிளந்து பார்த்தேன். தோண்டின இடத்தில் ஊறுகிற தண்ணீரை இறைத்து வெளியேற்றுகிற குழாயாம். அதற்கும் ரோஸ் பெயிண்ட் அடித்திருக்கிறான் பாருங்கள்!

எங்கள் வழிகாட்டி ரெனாட்டே. ஐம்பது வயதிருக்கும், ஒட்ட வெட்டிய முடி, சிவப்புக் கண்ணாடி, நடை என்றால் அப்படி ஒரு நடை. பழைய கிழக்கு பெர்லின்காரி. அவள் பின்னால் நாங்கள் ஒரு சிறு கூட்டம் ஓடினோம். அதில் டெக்ஸாஸ்காரர் ஒருவர், ஏர்கண்டிஷனர் வியாபாரி. நான் அமெரிக்கா வந்த புதிதில் அவர் மாநிலத்து இர்விங்கில் இருந்தேன் என்றதும் தன் ஊர்ப் பெண்ணையே பார்த்துவிட்டது போலக் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதன் பிறகு எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் என் காதில் வந்து இரண்டே கேள்வி கேட்பார்: "காரை எங்கே நிறுத்துவார்கள்? ஏ.சி. இல்லையா?"

கட்டுமானத்தின் நடுவில் தூண்களின் மேல் ஒரு சிவப்புப் பெட்டி நின்றது. கட்டுகிற வேலையை மக்கள் ஏறிப் பார்க்கவென்றே அதைக் கட்டியிருக்கிறார்கள். மேலே நின்று குனிந்தால் கீழே ஏரி போலப் பள்ளம், இரும்புக் கம்பிக் காடு, எறும்பு போல ஆட்கள். கொஞ்ச தூரத்தில் தெரிந்த ஒரு குழியைக் காட்டி, "இங்கே தண்ணீருக்கடியில் முக்குளிப்பவர்கள் இறங்கித்தான் கான்கிரீட் போட்டார்கள்" என்றாள் ரெனாட்டே. எனக்குப் புல்லரித்துவிட்டது. நம் ஊரில் வீடு கட்டும்போது பக்கத்து வீட்டுக்காரர் வந்து நின்று வேடிக்கை பார்த்து, மூலையில் குறை சொல்லிவிட்டுப் போவாரே, அதே வேலையை இங்கே டிக்கெட் போட்டுச் செய்கிறார்கள்.

மத்தியானம் செந்தில் ஆபீஸிலிருந்து ஓடிவந்தார், 'கறி' என்று போர்டு போட்ட தள்ளுவண்டியைக் கண்டுபிடித்துவிட்டாராம். கறி என்ற வார்த்தையை நம்பி வரிசையில் நின்றோம். பொரித்த சாசேஜை வெட்டி, மேலே தக்காளி கெச்சப்பை ஊற்றி, அதன் மேல் மஞ்சளாக ஏதோ பொடியைத் தூவிக் கொடுத்தான். செந்தில் ஒரு வாய் தின்றுவிட்டு மீதியைத் தட்டோடு என் பக்கம் தள்ளினார். கடைசியில் ஒரு துருக்கிக்காரர் கடையில் குளிரக் குளிர உப்புப் போட்ட மோர் கிடைத்தது. சத்தியமாக நம் மோர், கறிவேப்பிலைதான் பாக்கி. நான் இரண்டு டம்ளர் குடித்த வேகத்தைப் பார்த்து அவர் மூன்றாவதைச் சும்மாவே ஊற்றினார்.

செவ்வாய்க்கிழமை ரயிலில் ஒரு கூத்து. குதிரை லாடம் மாதிரி வளைத்துக் கட்டிய ஒரு குடியிருப்பைப் பார்க்கப் போக வேண்டும், ஸ்டேஷனில் ரெனாட்டே காத்திருப்பாள். இறங்க வேண்டிய இடம் வந்தது. ஜெர்சி ரயிலில் போலக் கதவுக்கு முன்னால் பவ்யமாகப் போய் நின்றேன். கதவு திறக்கவில்லை. வெளியே பிளாட்பாரத்தில் ரெனாட்டே இரண்டு கையையும் ஆட்டி ஏதோ அபிநயம் பிடிக்கிறாள், நானும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினேன். ரயில் கிளம்பிவிட்டது. பக்கத்தில் நின்ற பாட்டிதான், "கைப்பிடியை நீதான் இழுக்க வேண்டும் கண்ணே, இங்கே யாரும் உனக்குத் திறந்துவிட மாட்டார்கள்" என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார். அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வந்தேன். டெக்ஸாஸ்காரரும் எனக்கு முன்னால் அதேபோல் போய்விட்டுத் திரும்பியிருந்தார், மனசுக்கு ஆறுதலாக இருந்தது.

அந்தக் குடியிருப்பைப் பற்றி என்ன சொல்ல! எழுபது வருடத்துக்கு முன்னால் தொழிலாளிகளுக்கென்று கட்டியது. நடுவில் ஒரு குளம், அதைச் சுற்றி வளைந்து போகிற வீட்டு வரிசை, ஒவ்வொரு கதவும் ஒரு நிறம். ஒரு கதவுக்குக் கருநீலத்தில் மஞ்சள் கோடு, அடுத்ததற்குச் செங்கல் சிவப்பு. சின்ன வீட்டில் இருப்பவனுக்கும் தன் கதவு தனியாகத் தெரிய வேண்டும் என்று ஒருவன் உட்கார்ந்து யோசித்திருக்கிறான். பிஸ்கட்டவேயில் நாங்கள் இருந்த அபார்ட்மெண்டில் எல்லாக் கதவும் பழுப்பு. ஒரு தடவை அசதியில் பக்கத்து பிளாக்கில் சாவி போட்டுத் திருகிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

திரும்பும் வழியில் கிழக்குப் பகுதியில் நீளநீளமான அடுக்குமாடிகள். சிமெண்ட் பலகையைத் தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்து சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கியவை. டூரில் இது இல்லை. ஆனாலும் ரெனாட்டே நின்றாள்.

"அதோ அந்த வரிசையில் சமையலறை எல்லாம் நான் வரைந்தது" என்றாள். "சுவர் விழுந்த பிறகு எங்கள் ஆபீஸை மூடிவிட்டார்கள்."

"நன்றாக இருக்குமா வீடு?" என்று கேட்டேன்.

"குளிரும். ஜன்னல் சின்னது. பக்கத்து வீட்டில் தும்மினால் கேட்கும்" என்று சிரித்தாள். "இருந்தாலும் என்னுடையது."

டெக்ஸாஸ்காரர் என்னிடம் குனிந்தார். "கார் எங்கே நிறுத்துவார்கள்?"

புதன்கிழமைதான் கொண்டாட்டம். முழுக்க முழுக்கக் கண்ணாடியாலான அந்த அருங்காட்சியகத்துக்குப் போனோம். கறுப்பு எஃகுக் கூரை, கால்பந்து மைதானம் போலப் பரந்து கிடக்கிறது. அதைத் தாங்க எட்டே தூண். மூலையில் ஒரு தூண் கூடக் கிடையாது, மூலை அப்படியே காற்றில் நிற்கிறது! மூன்றாம் வருடப் படிப்பில் இந்தக் கட்டடத்தின் குறுக்குவெட்டைக் கை வலிக்க வலிக்க வரைந்திருக்கிறேன். இங்கே அந்தத் தூண் என் முன்னால் நிற்கிறது. போய் அணைத்துக்கொண்டேன். வெயிலில் காய்ந்து சூடாக இருந்தது. காவலாளி ஓடிவந்தார். ரெனாட்டே அவரிடம் ஜெர்மனில் என்னவோ சொன்னாள், அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார். "என்ன சொன்னீர்கள்?" என்றேன். "ஆர்க்கிடெக்ட், அப்படித்தான் இருப்பார்கள் என்றேன்" என்றாள்.

அங்கிருந்து பாராளுமன்றத்தின் புதிய கண்ணாடிக் குவிமாடம். உள்ளே சுற்றிச் சுற்றி ஏறுகிற சாய்தளம், நடுவில் கண்ணாடி பதித்த பெரிய கூம்பு, குனிந்து பார்த்தால் கீழே எம்.பி.க்கள் உட்காரும் சபை. அதாவது ஜனங்கள் மேலே நடப்பார்கள், மந்திரிகள் கீழே உட்கார்ந்திருப்பார்கள். இந்த ஏற்பாட்டை நம் ஊரில் யாராவது வரைந்து கொண்டுபோய்க் காட்டினால் என்ன ஆவார் என்று நினைத்துச் சிரித்தேன். எல்லாக் கட்டடத்திலும் கழிப்பறையைப் போய்ப் பார்ப்பதை மட்டும் விடவில்லை. தொழில் பழக்கம். இந்த ஊர்க் கழிப்பறைக் கதவு தரை வரைக்கும் இருக்கிறது. அமெரிக்காவில் முழங்கால் தெரிய உட்கார்ந்து பழகினவளுக்கு அதுவே அதிசயம்.

ஆறு மணிக்கு ஓட்டலுக்குத் துள்ளிக்கொண்டு வந்தேன். தூணைக் கட்டிப்பிடித்ததைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் செந்தில் முந்திக்கொண்டார். முகமெல்லாம் பல்.

"அம்மிணி, கன்கிராட்ஸ்! நீ இன்டர்வியூல பாஸ்! திங்கக்கிழமை ஜாயின் பண்ணோணும்."

"எந்த இன்டர்வியூ?"

"அந்த பேங்க்தான். அவங்களுக்கு அவசரமாம், இன்னிக்கே வெச்சுட்டாங்க. மூர்த்தி அங்கிள் போன் பண்ணினாரு."

"நான் இங்க தூணைக் கட்டிப்பிடிச்சுட்டு நின்னுட்டிருந்தேன். அங்க யாருங்க பேசினது?"

செந்தில் கொஞ்சம் நெளிந்தார். "வேலைக்குக் காத்திருக்கறவங்க தங்கற அவரு கெஸ்ட் ஹவுஸ்ல ஒரு பொண்ணு இருக்கா. நல்லா பேசுவாளாம். உன் பேர்ல அட்டெண்ட் பண்ணிட்டா. எல்லாரும் பண்றதுதானே? என் ரூம்மேட்டுக்கு நான் பண்ணலியா?"

எனக்கு வந்த கோபத்துக்கு, குக்கர் வெடித்ததெல்லாம் ஒன்றுமே இல்லை.

"அப்ப திங்கக்கிழமை ஆபீஸ்ல போய் உக்காரப்போறது யாரு? நானா, அவளா? குரல் வேறன்னு கண்டுபிடிச்சா?"

"போன்ல எல்லார் குரலும் ஒண்ணுதான். நீ கோபப்படாம யோசி. உன் ஆபீஸ்ல கிரீன் கார்டு அப்ளை பண்ணுவாங்களா? மாட்டாங்க. இன்னும் எத்தன வருஷம் கக்கூஸ் வரைஞ்சுட்டே இருப்பே?"

வெள்ளிக்கிழமைக்குள் மூர்த்தி அங்கிளுக்குச் சரி என்று சொல்ல வேண்டும். நான் போர்வையை இழுத்துத் தலை வரை போர்த்திக்கொண்டேன். வெளியே இன்னும் பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

வியாழன் முழுக்க டூரில் நடந்தேன், கண்தான் பார்த்தது. ஐம்பதுகளில் கட்டிய அடுக்குமாடிகள், கூடாரம் மாதிரி பொன்னிற இசை அரங்கம், எல்லாம் வந்து போயின. மனதுக்குள் பட்டிமன்றம். செந்தில் சொல்வதில் தப்பென்ன? வேறொரு பெண் பேசினாள், அவ்வளவுதானே? ஊரே செய்கிறது. சாயங்காலத்துக்குள் நானே எனக்கு எதிராக வாதாடி ஜெயித்துவிட்டேன். போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் அந்தப் பெண் என்னென்ன சொல்லி வைத்திருக்கிறாள் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் திங்கட்கிழமையே மாட்டிக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமை செந்திலுக்கு வேலை முடிந்துவிட்டது, அவரும் டூருக்கு வந்தார். சமாதானக் கொடி. அன்று பார்த்தது ஒரு காலிக் கட்டடம். யூதர்களின் வரலாற்றைச் சொல்லக் கட்டிய அருங்காட்சியகம். உள்ளே காட்சிக்கு வைக்க வேண்டிய பொருள் எதுவும் இன்னும் வரவில்லை. வெறும் சுவரைப் பார்க்க அத்தனை ஜனம் வரிசையில் நிற்கிறது. மின்னல் மாதிரி ஒடிந்து ஒடிந்து போகும் கட்டடம், துத்தநாகத் தோல், அதில் கத்தியால் கீறியது போல ஜன்னல்கள். உள்ளே ஓர் உயரமான கோபுரத்துக்குள் விட்டுக் கனத்த கதவைச் சாத்தினார்கள். நாலு பக்கமும் வெறும் கான்கிரீட். இருட்டு, சில்லென்று. எங்கோ உச்சியில் ஒரு கீற்று வெளிச்சம். தெருச் சத்தம் மெல்லக் கேட்கிறது, ஆனால் யாரும் நம்மைக் கேட்க மாட்டார்கள் என்று தோன்றுகிறது. டெக்ஸாஸ்காரர் ஏ.சி.யைப் பற்றிக் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

ஒரு படம் இல்லை, ஓர் எழுத்து இல்லை. வெறும் சுவரும் இருட்டும் சேர்ந்து இப்படி ஒரு மனிதரை நிறுத்த முடியுமா? வெளியே வந்தபோது எனக்குள் பயமும் துக்கமும் மட்டும் இல்லை, சொன்னால் என்ன, சந்தோஷமும்தான். கட்டடத்தால் இவ்வளவு முடியும் என்று பார்த்துவிட்ட சந்தோஷம்.

செந்தில் இன்னும் சாய்ந்த ஜன்னலையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மிணி, இந்தக் கோணத்துல ஓட்டை போட்டா லோடு எப்படி இறங்கும்? உள்ள கம்பி எப்படிக் கட்டியிருப்பான்?" என்று அவர் பாட்டுக்கு ரெனாட்டேயைப் பிடித்துக் கேட்க ஆரம்பித்துவிட்டார். நான் எதிரே இருந்த போன் பூத்துக்குள் நுழைந்தேன். ஜெர்சியில் அப்போது காலை. செந்திலிடம் வாங்கி வைத்திருந்த கெஸ்ட் ஹவுஸ் நம்பரில் ஒரு சின்னக் குரல் எடுத்தது. பெயர் மைதிலியாம், திருச்சிப் பெண்.

"அய்யோ அக்கா, நீங்களா! உங்க குரல் என் குரல் மாதிரியே இருக்கு, கவலையேபடாதீங்க" என்றாள்.

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். டேபிளை எப்படிச் சேர்ப்பது என்று கேட்டார்கள், கர்சரைப் பற்றிக் கேட்டார்கள், எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று பதில் சொல்லியிருக்கிறாள். நான் அசந்துபோனேன். "இவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கியே, உனக்கு இன்னும் வேலை வரலையா?" என்றேன்.

"என் இன்டர்வியூக்குக் கேட்டுக்கிட்டே இருக்கேன்க்கா. சார் அடுத்த மாசம், அடுத்த மாசம்கிறார். இதுவரைக்கும் எல்லாம் மத்தவங்களுக்குத்தான் பேசிக் குடுத்திருக்கேன்." பிறகு ஞாபகம் வந்தவளாக, "ஆங், கடைசியா ஒண்ணு கேட்டாங்கக்கா. ரெஸ்யூமேல பி.ஆர்க்.னு இருக்கே, ஆர்க்கிடெக்சர ஏன் விட்டீங்கன்னு."

"நீ என்ன சொன்னே?"

"ஆரம்பத்துலேருந்தே எனக்கு அதுல இன்ட்ரஸ்ட் இல்லை, வீட்ல கட்டாயப்படுத்திச் சேத்துட்டாங்கன்னு சொன்னேன். அப்படிச் சொன்னாத்தானேக்கா நம்புவாங்க?"

எங்கள் வீட்டில் கட்டாயப்படுத்தினார்கள்தான். பி.காம். படி, மில்லில் கணக்கு பார்க்கலாம் என்று. நான் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்து, அப்பாவிடம் அடி வாங்கி, அம்மாவை அழவைத்து ஆர்க்கிடெக்சரில் சேர்ந்தேன். அந்தக் கதை இந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? ஆனால் என் பெயரைச் சொல்லி, என் வாயால் சொல்வது போல, யாரோ ஒரு அந்நியனிடம் அவள் அதைச் சொல்லிவிட்டாள். ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றிப் பிடித்தேன்.

"அக்கா? தப்பாச் சொல்லிட்டேனா?"

"உன் மேல தப்பில்ல சாமி. ஆனா அது பொய்."

"மத்ததும் பொய்தானேக்கா?" என்றாள் பாவம், குழப்பமாக.

"மத்ததெல்லாம் பரவால்ல. இத என்னால தூக்கிச் சுமக்க முடியாது. அங்கிள்கிட்ட சொல்லிடு, நான் வரல. பாஸ் பண்ணினது நீதானே, உன் பேர்லயே உன்னை அனுப்பச் சொல்லு. அவரு முணுமுணுத்தா எனக்கு போன் பண்ணச் சொல்லு, நான் பேசிக்கறேன்."

"நெஜமாவாக்கா?" என்றாள்.

வெளியே வந்தேன். செந்தில் ஒரு காகிதத்தில் ஜன்னலும் கம்பியுமாகக் கிறுக்கி ரெனாட்டேயிடம் காட்டிக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"பேசிட்டியா? என்னதான் கேட்டாங்களாம்?"

"ஆர்க்கிடெக்சர ஏன் விட்டேன்னு கேட்டாங்களாம்."

"சரி. என்ன சொன்னே?"

"விடலைன்னு சொல்லிட்டேனுங்க."